31 நாட் பர்க்: ஓர் அமெரிக்க நாசகாரி அணியின் நான்கு மாதங்கள்

'31 நாட் பர்க்' என்று கேட்டவுடன் ஏதோ காற்றாய்ப் பறந்த ஆளுக்கு மெச்சிக் கொடுத்த பட்டம் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது கிண்டல். நாட் என்பது கப்பல் வேகத்தின் அளவு. ஃப்ளெட்சர் வகை நாசகாரிக் கப்பல், அதாவது வேகமான சிறு போர்க்கப்பல், 35 நாட் வேகத்துக்கு மேலே போகக்கூடியது. இரண்டாம் உலகப் போரில் அப்படி எட்டுக் கப்பலை வைத்திருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஆர்லி பர்க், அவற்றில் ஸ்பென்ஸ் என்ற ஒரு கப்பலின் பாய்லர் கோளாறால் மொத்த அணியையும் 30 நாட் வேகத்துக்கு மேல் ஓட்ட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். பாய்லர் குழாயைச் சுத்தம் செய்யும் பிரஷ் ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டதுதான் காரணம் என்பார்கள். அப்புறம் ஒருநாள் அவசர உத்தரவு வந்தபோது "31 நாட் வேகத்தில் வருகிறோம்" என்று செய்தி அனுப்பினார். அதைப் படித்த தென் பசிபிக் தலைமையகத்தில், அட, 30தான் முடியும் என்று அழுதவர் ஒன்று கூட்டிவிட்டாரே என்று சிரித்தார்கள். அடுத்த உத்தரவில் ரே தர்பர் என்ற அதிகாரி, அங்கே தலைவராக இருந்த அட்மிரல் ஹால்சியின் பெயரில், '31 நாட் பர்க்' என்றே விளித்து எழுதினார். அந்த 31 நாட் மணிக்கு 57 கிலோமீட்டர் சொச்சம்தான். நம்ம ஊர் மப்சல் பஸ்ஸே முந்திவிடும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் 23ஆம் நாசகாரி ஸ்குவாட்ரன் பற்றி எழுதுகிறவர்கள் வேகம், துணிச்சல் என்றே எழுதுகிறார்கள். அந்த அணியின் இரண்டு பெரிய சண்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 1943 நவம்பர் 2 அதிகாலை ஒரு சண்டை, நவம்பர் 25 அதிகாலை இன்னொன்று. தளபதி அதே ஆள், கப்பல்கள் அதே கப்பல்கள், நடுவில் மூன்று வாரம்தான் இடைவெளி. முதலாவதில், நீருக்கடியில் பாய்ந்து போய் வெடிக்கும் டார்பிடோ ஒன்றுகூடப் படவில்லை, சொந்தக் கப்பல்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன, தங்கள் ஆட்களையே சுட்டார்கள். இரண்டாவதில் ஒரு ஆள்கூடச் சாகாமல் எதிரியின் மூன்று கப்பல்களை மூழ்கடித்தார்கள். மூன்று வாரத்தில் யாருக்கும் வீரம் கூடிவிடாது. அப்படியென்றால் எது மாறியது?

அதற்கு ஒரு வருடம் பின்னால் போக வேண்டும்.

தென் பசிபிக்கில் உள்ள சாலமன் தீவுகளில் 1942 ஆகஸ்ட் முதல் நடந்த இரவுச் சண்டைகளில் அமெரிக்கர்கள் திரும்பத் திரும்ப அடி வாங்கினார்கள். ஆகஸ்ட் 9 அன்று சாவோ தீவருகே ஒரே இரவில் நேச நாடுகளின் நான்கு கனரகக் குரூசர்கள் (நாசகாரியைவிடப் பெரிய போர்க்கப்பல்கள்) போயின. ஜப்பானியர்கள் இரவுச் சண்டைக்கென்றே வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள். பெரிய பெரிய தொலைநோக்கிகளோடு இருட்டில் கண்ணை நட்டு நிற்கும் ஆட்கள் அவர்களிடம் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல் வகை 93 டார்பிடோ இருந்தது. ஆக்ஸிஜனில் ஓடுவதால் தடம் சரியாகத் தெரியாது. முழு வேகத்தில் 20 கிலோமீட்டர், வேகத்தைக் குறைத்தால் 40 கிலோமீட்டர் வரை போகும், தலையில் 490 கிலோ வெடிமருந்து. அமெரிக்கர்களின் மார்க் 15 டார்பிடோ முழு வேகத்தில் ஐந்தரை கிலோமீட்டர்தான் போகும். அதுவும் ஆழம் தப்பி ஓடும், பட்டாலும் பல நேரம் வெடிக்காது.

ஆனால் அமெரிக்கர்களிடம் ரேடார் இருந்தது. ஜப்பானியர்கள் பார்ப்பதற்கு முன்பே இவர்களால் பார்க்க முடியும். பார்த்து என்ன பயன் என்பதற்கு டசாஃபரோங்கா சண்டையைத்தான் காட்ட வேண்டும். 1942 நவம்பர் 30 இரவு, முன்னால் போன நாசகாரிகள் ரேடாரில் எதிரியைப் பிடித்துவிட்டு, டார்பிடோ விடலாமா என்று அட்மிரல் ரைட்டிடம் அனுமதி கேட்டன. அவர் தூரம் அதிகமோ என்று யோசித்தார். ஏறக்குறைய நான்கு நிமிடம் போய்விட்டது. அனுமதி வந்தபோது எதிரி கப்பல்கள் கடந்து போய்க்கொண்டிருந்தன, டார்பிடோக்கள் பின்னாலிருந்து துரத்த வேண்டியதாயிற்று. ஜப்பானியத் தளபதி தனாகா எட்டு நாசகாரிகளோடு வந்தார். யாரிடமும் யாரும் கேட்காமல் அவருடைய கப்பல்கள் டார்பிடோக்களை விட்டன. நார்தாம்ப்டன் மூழ்கியது, இன்னும் மூன்று குரூசர்கள் சிதைந்தன. தனாகா இழந்தது ஒரே ஒரு கப்பல்.

அந்த நான்கு நிமிடம்தான் இந்தக் கதையின் முடிச்சு என்பது என் கருத்து.

பர்க் அப்போது வாஷிங்டனில் இருந்தார். 1901இல் கொலராடோவில் பிறந்த ஸ்வீடன் வம்சாவளிக்காரர். தாத்தாவின் பெயர் பியோர்க்கிரென், அமெரிக்கா வந்ததும் பர்க் என்று சுருக்கிக்கொண்டார். பேரன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்துவிட்டு வெடிமருந்து, பீரங்கி என்று அந்தத் துறையிலேயே பேர் வாங்கியவர். வேலையில் கெட்டிக்காரராக இருந்ததாலேயே அவரைப் போர்முனைக்கு அனுப்ப மேலிடம் தயங்கியது. நம் அலுவலகங்களிலும் நடப்பதுதான், நன்றாக வேலை செய்கிறவனுக்கு மாறுதல் கிடைக்காது. விடாமல் கேட்டுக் கேட்டு 1943 தொடக்கத்தில் பசிபிக் வந்து சேர்ந்தார்.

வந்த சில வாரங்களில், மார்ச் 6 இரவு, பிளாக்கெட் நீரிணையில் முதல் சண்டை. வாலர் என்ற கப்பலில் இருந்தார். அமெரிக்கர்கள் இரண்டு ஜப்பானிய நாசகாரிகளை மூழ்கடித்த எளிதான வெற்றி அது. ஆனால் ரேடார் காட்டியது எதிரிதானா என்று உறுதி செய்துகொள்வதில் தான் சில நொடிகள் தாமதித்ததை பர்க் மறக்கவே இல்லை. நல்ல அதிகாரிக்கும் மோசமான அதிகாரிக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருமுறை பேச்சு வந்தபோது, "சுமார் பத்து நொடி" என்றாராம்.

அதற்கப்புறம் அவர் உட்கார்ந்து ஒரு திட்டம் எழுதினார். நாசகாரிகளைக் குரூசர்களுக்கு முன்னாலும் பின்னாலும் காவலுக்கு நிறுத்தி வைப்பதை விட வேண்டும். இரண்டு வரிசையாகப் பிரிய வேண்டும். ஒரு வரிசை இருட்டில் நெருங்கி டார்பிடோவை விட்டுவிட்டுச் சட்டென்று திரும்பிவிடும். டார்பிடோ வெடிக்கும் நேரத்துக்கு இரண்டாவது வரிசை வேறு பக்கத்திலிருந்து அடிக்கும். எதிரி இந்தப் பக்கம் திரும்பும்போது அந்தப் பக்கம் அடி விழும். டார்பிடோ போய்ச் சேரும்வரை பீரங்கியைத் தொடக்கூடாது, ஏனென்றால் பீரங்கியின் தீப்பிழம்பு நம் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு வரி: எதிரியைக் கண்டவுடன் நாசகாரிகள் உத்தரவுக்குக் காத்திராமல் தாக்க வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஓர் அட்மிரலிடம் போய் "நீங்கள் சொல்வதற்கு முன்பே நாங்கள் ஆரம்பித்துவிடுவோம்" என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் இல்லையா? குரூசர்களின் தலைவரான அட்மிரல் மெரில் சம்மதித்தார். பர்க்கைப் பற்றி எழுதுகிறவர்கள் மெரிலுக்கு இரண்டு வரிதான் ஒதுக்குகிறார்கள், எனக்கு அது அநியாயமாகப் படுகிறது.

அந்தத் திட்டத்தை முதலில் சோதித்தவர் பர்க் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலா வளைகுடாவில் 1943 ஆகஸ்ட் 6 இரவு ஆறு நாசகாரிகளோடு போனவர் ஃப்ரெடெரிக் மூஸ்பரக்கர். பர்க்குக்கு அதற்குள் மாறுதல் வந்திருந்தது. மூஸ்பரக்கர் இரண்டு வரிசை, முதலில் டார்பிடோ, அப்புறம் பீரங்கி என்று சொல்லிவைத்தபடி செய்தார். நான்கு ஜப்பானியக் கப்பல்களில் மூன்று போயின. ஷிகுரே மட்டும் தப்பியது. அமெரிக்கர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இதில் குரூசர்கள் யாரும் கூட வரவில்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1943 அக்டோபர் 23 அன்று பர்க் 23ஆம் ஸ்குவாட்ரனுக்குத் தலைவரானார். சார்ல்ஸ் ஆஸ்பர்ன், டைசன், கிளாக்ஸ்டன், ஸ்டான்லி என்று நான்கு கப்பல் ஒரு பிரிவு. ஸ்பென்ஸ், தாட்சர், கான்வர்ஸ், ஃபுட் என்று நான்கு கப்பல் இன்னொரு பிரிவு, அதற்கு பெர்னார்ட் ஆஸ்டின் தலைவர். அப்போது அமெரிக்கச் செய்தித்தாள்களில் வந்துகொண்டிருந்த ஒரு சித்திரத் தொடரில் 'லிட்டில் பீவர்' என்ற பழங்குடிச் சிறுவன் வருவான். அவன் படத்தை ஒரு கப்பலின் டார்பிடோக் குழாயில் யாரோ வரைந்து வைத்திருந்ததைப் பார்த்து, பர்க் அதையே மொத்த அணிக்கும் சின்னமாக்கிவிட்டார். 'லிட்டில் பீவர்ஸ்' என்ற பெயர் அப்படி வந்தது.

தலைமை ஏற்றுப் பத்தே நாளில் பெரிய சண்டை. நவம்பர் 1 அன்று பூகன்வில் தீவில் டொரோகினா முனையில் அமெரிக்க மரைன் படை இறங்கியது. அதை முறியடிக்க, ஜப்பானியர்களின் பெரிய தளமான ரபாவுலிலிருந்து அட்மிரல் ஓமோரி இரண்டு கனரகக் குரூசர், இரண்டு இலகு குரூசர், ஆறு நாசகாரிகளோடு கிளம்பினார். எதிரே மெரில், நான்கு இலகு குரூசர், பர்க்கின் எட்டு நாசகாரி. இடம் எம்ப்ரஸ் அகஸ்டா வளைகுடா. நள்ளிரவு தாண்டி 2.27க்கு ரேடாரில் எதிரி தெரிந்தது.

திட்டப்படி பர்க்கின் நான்கு கப்பல்கள் பிரிந்து போய் 2.46க்கு 25 டார்பிடோக்களை விட்டன. அதே நேரத்தில் ஜப்பானியர்கள் அமெரிக்கக் கப்பல்களைக் கண்டுகொண்டு திசை மாற்றிவிட்டார்கள். 25இல் ஒன்றும் படவில்லை. மெரிலின் குரூசர்கள் சுடத் தொடங்கி செண்டாய் என்ற குரூசரைத் தீப்பிடிக்கச் செய்தன. அதுவரை சரி. டார்பிடோ விட்டுத் திரும்பிய பர்க்கின் பிரிவு சிதறிப்போயிற்று. மறுபடி ஒன்றுசேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. யோசித்துப் பாருங்கள், மொத்தச் சண்டையே சில மணி நேரம்தான், அதில் ஒரு மணி நேரம் சொந்தக் கப்பல்களைத் தேடுவதிலேயே போய்விட்டது.

ஆஸ்டின் பிரிவு பட்ட பாடு இன்னும் மோசம். ஃபுட் கப்பல் திரும்பும் உத்தரவைத் தவறாகப் புரிந்துகொண்டு வரிசையிலிருந்து விலகியது. மறுபடி வந்து சேர முயன்றபோது ஜப்பானிய டார்பிடோ ஒன்று அதன் பின்பகுதியைப் பெயர்த்துவிட்டது. செயலற்று நின்ற அதன்மேல் சொந்தக் குரூசரே மோதப் பார்த்தது. ஸ்பென்ஸும் தாட்சரும் 30 நாட் வேகத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போயின. அப்புறம் ஸ்பென்ஸ்மேல் நீர்மட்டத்தில் ஒரு குண்டு விழுந்து, எரிபொருள் தொட்டியில் கடல்நீர் புகுந்து வேகம் குறைந்தது. இதற்கிடையே ஆஸ்டினுக்கு எதிரியின் கனரகக் குரூசர்கள் மிக அருகில் கிடைத்தன. நம் கப்பல்கள் என்று நினைத்து விட்டுவிட்டார்.

கடைசியில் பர்க்கின் கப்பல்கள் ஸ்பென்ஸையே சுட்டன. ரேடியோவில் நடந்த அந்தப் பேச்சு கடற்படைக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பது. குண்டு மிக அருகில் விழுந்தது, எங்களையா சுடுகிறீர்கள் என்று ஆஸ்டின் கேட்கிறார். பட்டதா என்கிறார் பர்க். படவில்லை, ஆனால் இன்னும் எல்லாம் வந்து சேரவில்லை என்கிறார் ஆஸ்டின். மன்னிக்கணும், அடுத்த நான்கு வீச்சையும் பொறுத்துக்கொள்ளுங்கள், அவை ஏற்கெனவே கிளம்பிவிட்டன என்கிறார் பர்க். சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் ஒன்று பட்டிருந்தால் இதை யாரும் வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பின் ஏன் அமெரிக்கர்கள் ஜெயித்தார்கள்? ஜப்பானியர்கள் அதைவிட மோசமாகக் குழம்பினார்கள். சமிடாரேயும் ஷிரட்சுயுவும் மோதிக்கொண்டன. ஹட்சுகாசே, தங்கள் மியோகோ குரூசர்மேலேயே மோதி முன்பகுதியை இழந்து நின்றது, விடிகிற நேரத்தில் பர்க்கின் கப்பல்கள் அதை முடித்தன. டென்வர் குரூசரில் விழுந்த மூன்று பெரிய குண்டுகளும் வெடிக்கவில்லை, அதிர்ஷ்டம் என்றால் அது. ஓமோரி திரும்பிப் போய்விட்டார், பதவியும் போயிற்று. காலையில் ரபாவுலிலிருந்து ஏறக்குறைய நூறு விமானங்கள் வந்து தாக்கின, மாண்ட்பெலியர்மேல் இரண்டு குண்டு விழுந்தாலும் பெரிய சேதமில்லை. ஃபுட்டைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். டொரோகினாவில் இறங்கிய படை பிழைத்தது. அந்த வகையில் வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் பர்க் எழுதிய திட்டத்தின் வெற்றி என்று அதைச் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு கப்பல், மூன்று கூட்டம், இருட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள். ரேடார் திரையில் புள்ளிகள் தெரிகின்றன, எந்தப் புள்ளி யாருடையது என்று தெரியவில்லை. அனுமதிக்காகக் காத்திருக்கும் வியாதியைக் குணப்படுத்தியாயிற்று, ஆனால் யார் எங்கே என்ற கேள்வி அப்படியே நின்றது.

அடுத்த மூன்று வாரமும் ஓய்வில்லாத ஓட்டம். படையிறங்கும் கப்பல்களுக்குக் காவல், கரையில் குண்டுவீச்சு, திரும்பி வந்து எரிபொருள். ஃபுட் போயிற்று. தாட்சரும் ஸ்டான்லியும் பழுதுபார்க்கப் போயின. மீதி ஐந்து. ஐந்தில் ஒன்று பாய்லர் கெட்ட ஸ்பென்ஸ்.

நவம்பர் 24 அன்று குலா வளைகுடாவை ஒட்டிய ஹாதார்ன் சவுண்டில் எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்தபோது உத்தரவு வந்தது. புக்கா தீவில் இருந்த ஜப்பானிய விமானப்படைப் பணியாளர்களை ரபாவுலுக்கு ஏற்றிப்போக நாசகாரிகள் வருகின்றன என்று அமெரிக்க உளவுத்துறை கணித்திருந்தது. 31 நாட் பர்க், புக்கா–ரபாவுல் பாதையில் குறுக்கே போய் நில்லும், அதிகாலை மூன்று மணிக்குள் யாரும் வரவில்லையென்றால் எண்ணெய் நிரப்பத் திரும்பும், எதிரியைக் கண்டால் என்ன செய்வதென்று உமக்கே தெரியும். ஸ்பென்ஸை விட்டுவிட்டுப் போகலாமா என்ற கேள்வி எழுந்தது. ஒரு பாய்லர் இல்லாமலே வேகம் பிடிக்கிறோம், விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று அந்தக் கப்பல்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதுவும் போயிற்று.

அமாவாசையை ஒட்டிய கும்மிருட்டு, மேகம் தாழ்ந்து கிடந்தது. அதிகாலை 1.41க்கு டைசனின் ரேடார் சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பால் இரண்டு கப்பல்களைப் பிடித்தது. கியோட்டோ ககாவா தலைமையில் ஓனாமி, மகினாமி என்ற காவல் கப்பல்கள். அவற்றுக்குப் பின்னால் அமகிரி, யூகிரி, உசுகி என்ற மூன்று கப்பல்கள், புக்காவிலிருந்து ஏற்றிய ஏறக்குறைய 700 பேரோடு வந்துகொண்டிருந்தன. பர்க் யாரிடமும் கேட்கவில்லை, கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. குரூசர் இல்லை, அட்மிரல் இல்லை. தன் மூன்று கப்பல்களோடு நேரே நெருங்கினார். 1.56க்கு ஒவ்வொரு கப்பலும் ஐந்தைந்தாகப் பதினைந்து டார்பிடோ. விட்டவுடன் செங்குத்தாக வலப்பக்கம் திருப்பம். அப்புறம் சில நிமிடம் மௌனம், ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

ஓனாமி ஒரே தீக்கோளமாக வெடித்துக் காணாமல் போனது. ககாவா உட்பட ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. மகினாமி கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்தது, ஆனாலும் மிதந்தது. அதை முடிக்கும் வேலையை ஆஸ்டினின் கான்வர்ஸ், ஸ்பென்ஸ் இரண்டிடம் விட்டுவிட்டு, பின்னால் தெரிந்த அடுத்த மூன்று புள்ளிகளை பர்க் துரத்தினார். முதல் சண்டையில் செய்யாததை இங்கே செய்தார்கள்: இரண்டே கூட்டம், ஆளுக்கொரு வேலை, ஒருவர் வழியில் மற்றவர் குறுக்கிடவில்லை.

துரத்தலில் ஒரு விஷயம் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. 2.15 வாக்கில் பர்க் காரணம் ஏதும் சொல்லாமல் எல்லாக் கப்பல்களையும் 45 டிகிரி வலப்பக்கம் திருப்பினார். ஒரு நிமிடம் அப்படியே ஓடிவிட்டுப் பழைய திசைக்கு வந்தார். சில நொடியில் மூன்று ஜப்பானிய டார்பிடோக்கள் அவர் கப்பல்கள் விட்டுச் சென்ற நீர்த்தடத்தில் வெடித்தன. சார்ல்ஸ் ஆஸ்பர்ன் குலுங்கிய குலுங்கலில், கப்பலின் முன்பகுதி இன்னும் இருக்கிறதா என்று பர்க்கே எட்டிப் பார்த்தாராம். யாரும் அந்த டார்பிடோக்களைப் பார்க்கவில்லை, ரேடாரிலும் அவை தெரியாது. இந்நேரம் விட்டிருப்பான் என்று மனசுக்குப் பட்டது, அவ்வளவுதான். வேலா வளைகுடாவில் மூஸ்பரக்கருக்கும் சரி, இங்கே பர்க்குக்கும் சரி, திட்டம் பாதிதான் காரணம். அந்த ஒரு நிமிடத் திருப்பம் இல்லையென்றால் இந்தச் சண்டையைத் திட்டத்தின் தோல்வியாக யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

பீரங்கி எட்டும் தூரம் வந்ததும் ஜப்பானியக் கப்பல்கள் மூன்று திசையில் பிரிந்தன. இங்கே பர்க்கும் பிரிந்து ஆளுக்கொன்றாகத் துரத்தியிருக்கலாம், துணிச்சல்காரர் என்று பெயரெடுத்தவர் அப்படித்தான் செய்திருப்பார் என்று நினைப்போம். செய்யவில்லை. மூன்று கப்பல்களையும் சேர்த்தே வைத்துக்கொண்டு யூகிரி ஒன்றையே துரத்தினார். அது அடிபட்டு வட்டமடித்து 3.28க்கு மூழ்கியது. மற்ற இரண்டும் தப்பின. அதில் ஒன்றான அமகிரிக்கு இன்னொரு கதை உண்டு. அதே வருடம் ஆகஸ்ட் 2 அதிகாலை ஒரு சின்ன அமெரிக்க டார்பிடோப் படகின்மேல் ஏறி அதை இரண்டாகப் பிளந்தது இந்த அமகிரிதான். அந்தப் படகை ஓட்டியவர் ஜான் கென்னடி.

விடியும் நேரம் நெருங்க, ரபாவுல் விமானங்கள் வரும் என்று நான்கு மணி வாக்கில், நியூ அயர்லாந்தின் செயின்ட் ஜார்ஜ் முனைக்கு அருகே பர்க் திரும்பினார். எதிர்பார்த்த விமானங்கள் வரவில்லை. காலையில் தலைக்குமேல் வந்தவை அமெரிக்க விமானங்கள். அன்று அமெரிக்கர்களின் நன்றி செலுத்தும் நாள். கப்பல்களில் வழிபாடு நடத்தச் சொல்லிச் செய்தி அனுப்பினார். யூகிரியிலிருந்து கடலில் விழுந்தவர்களில் 278 பேரை ஐ-177 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் வந்து அள்ளிக்கொண்டு போனது. இந்த எண்ணிக்கை அமெரிக்கக் கதைகளில் பெரும்பாலும் வருவதில்லை.

சாலமன் தீவுகளில் இரவோடிரவாக ஆளும் அரிசியும் இறக்கிவந்த ஜப்பானிய நாசகாரி ஓட்டம் அதோடு நின்றது. இதற்கு பர்க் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. நவம்பர் 5, 11 தேதிகளில் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து ரபாவுல்மேல் நடந்த தாக்குதல்களில் அங்கிருந்த ஜப்பானியக் குரூசர்கள் ஏற்கெனவே நொறுங்கியிருந்தன. ஆனால் நாசகாரிகளை அனுப்பும் தைரியம் போனது இந்தச் செயின்ட் ஜார்ஜ் முனைச் சண்டைக்கு அப்புறம்தான்.

1944 பிப்ரவரி வரை அணி ஓடியது. பிப்ரவரி 18 அன்று காவியெங் துறைமுகத்தின்மேல் குண்டுவீச்சு. 22ஆம் தேதி நகௌரா என்ற ஜப்பானிய இழுவைக் கப்பல் எதிர்ப்பட்டது. ஐந்தங்குலப் பீரங்கி வைத்த நாசகாரிகளை எதிர்த்து, அந்தச் சின்னக் கப்பல் இயந்திரத் துப்பாக்கியால் மூழ்கும்வரை சுட்டது. பர்க் அதன் தலைவருக்காக ஒரு நிமிடம் பிரார்த்தனை செய்யச் சொன்னார். நீரில் மிதந்தவர்களை ஏற்றிக்கொள்ள முயன்றார்கள், பலர் ஏற மறுத்தார்கள்.

நான்கு மாதத்தில் 22 சண்டை. ஒரு குரூசர், ஒன்பது நாசகாரி, ஒரு நீர்மூழ்கி, பல சிறு கப்பல்கள், ஏறக்குறைய 30 விமானம் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. அதில் குரூசரை மெரிலின் குரூசர்களோடு பங்கு போட வேண்டும். இரண்டு பெரிய சண்டைகளிலும் பெயர் சொல்லி எண்ணினால் ஹட்சுகாசே, ஓனாமி, மகினாமி, யூகிரி என்று நான்கு நாசகாரிகள்தான் வருகின்றன. இரவுச் சண்டையில் எல்லாத் தரப்புமே கணக்கைக் கூட்டித்தான் சொன்னார்கள், வேண்டுமென்று இல்லை, இருட்டில் தீ எரிந்தால் மூழ்கியது என்றுதான் தோன்றும். நான்கே என்றாலும் பெரிய விஷயம்தான். மொத்த அணிக்கும் ஜனாதிபதியின் பாராட்டு விருது கிடைத்தது.

மார்ச்சில் பர்க்கை அட்மிரல் மிட்சரின் தலைமை அதிகாரியாக விமானந்தாங்கிக் கப்பலுக்கு மாற்றினார்கள். போகிறவருக்கும் விருப்பமில்லை, வாங்கிக்கொண்டவருக்கும் விருப்பமில்லை. விமானிகளுக்கு நடுவே நாசகாரிக்காரருக்கு என்ன வேலை என்று மிட்சர் முகம் கொடுக்காமல் இருந்தார், போகப் போகத்தான் ஒட்டினார்கள். போர் முடிந்து 1950இல் பர்க் ஜப்பான் போனார். ரபாவுலில் தனக்கு எதிராகப் படை நடத்திய அட்மிரல் குசாகா வறுமையில் கிடப்பதாகக் கேள்விப்பட்டு, பெயர் சொல்லாமல் உணவுப் பெட்டி அனுப்பினார். குசாகா கோபத்தோடு நேரில் வந்து எனக்கு யார் தயவும் வேண்டாம் என்று சத்தம் போட்டார். அங்கிருந்து இருவரும் நண்பர்களானார்கள். 1955 முதல் 1961 வரை பர்க் அமெரிக்கக் கடற்படையின் தலைவர். 1991இல் அவர் பெயரிலேயே ஒரு நாசகாரிக் கப்பல் பணியில் சேர்ந்தபோது உயிரோடு இருந்து பார்த்தார். 1996இல் இறந்தார், கல்லறையில் 'மாலுமி' என்று ஒரு சொல் இருக்கிறது.

கப்பல்களைப் பொறுத்தவரை, கிளாக்ஸ்டன் லெய்டேயிலும், தாட்சர் ஒகினாவாவிலும் தற்கொலை விமானங்களிடம் அடி வாங்கின. ஸ்டான்லியின் முன்பகுதியை ஓகா என்ற ஆள் ஓட்டும் ராக்கெட் குண்டு துளைத்துக்கொண்டு மறுபக்கம் போனது. எல்லாம் பிழைத்தன. சார்ல்ஸ் ஆஸ்பர்ன், கிளாக்ஸ்டன், டைசன் மூன்றும் பிற்பாடு மேற்கு ஜெர்மனியின் கடற்படைக்குப் போய் ஜெர்மன் கொடியில் ஓடின. கான்வர்ஸ் ஸ்பெயினுக்குப் போனது.

ஸ்பென்ஸ் போகவில்லை. 1944 டிசம்பரில் பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே ஹால்சியின் பெரும்படையோடு இருந்தது. தொட்டியில் எண்ணெய் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. 17ஆம் தேதி ஹால்சியின் சொந்தக் கப்பலான நியூ ஜெர்சியின் பக்கத்தில் போய் நிரப்ப முயன்றது, அலையில் முடியவில்லை. காலித் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினால் கப்பல் கனத்து நிலையாக நிற்கும். ஆனால் அப்புறம் எண்ணெய் கிடைக்கும்போது அதையெல்லாம் இறைத்துக் கொட்ட வேண்டும், மறுநாள் எண்ணெய் கிடைத்துவிடும் என்ற நினைப்பில் நேரம் போய்விட்டது. புயலின் பாதையை ஹால்சி தவறாகக் கணித்திருந்தார், 18ஆம் தேதி காலை படை நேராக அதற்குள் போய் மாட்டியது. ஸ்பென்ஸுக்குள் தண்ணீர் புகுந்து மின்சாரம் போனது, சுக்கான் சிக்கிக்கொண்டது, 72 டிகிரி சாய்ந்தது, கவிழ்ந்தது. ஹல், மோனகன் என்ற இரண்டு கப்பல்களும் அன்று போயின. ஏறக்குறைய 790 பேர் இறந்தார்கள். விசாரணை மன்றம் ஹால்சியின் கணிப்பில் பிழை என்றது, அலட்சியம் என்று சொல்லவில்லை. பாய்லர் ஒன்று இல்லாமலே வருகிறோம், விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று கேட்டு வந்த அந்தக் கப்பலில் பிழைத்தவர்கள் 24 பேர்.